அலுமாரிக் கதவு ஓரத்துக்கு எது நல்லது: பிவிசியா, அலுமினியமா, சில்வரா, பித்தளையா?

திருகோணமலையில் வீடு கட்டி முடிக்கும் கட்டத்தில் இருக்கிறவர்கள் அலுமாரி வேலை வந்ததும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். பலகை மெலமைன் என்று முடிவாகியிருக்கும். நிறத்தை வீட்டில் எல்லாரும் சேர்ந்து எடுத்திருப்பார்கள். அப்போது ஓடாவி கேட்பார்: "கதவு ஓரத்துக்கு வழமையான பிவிசி ஒட்டவா, இல்லாட்டி அலுமினியம் போடவா? இப்ப தங்கக் கலரிலயும் பீடிங் வருது." போனில் நாலு படம் காட்டுவார். படத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். அந்த வீடுகளில் கடற்காற்று அடிக்கிறதா என்பது மட்டும் படத்தில் தெரியாது.

பன்ட்ரி, அலுமாரி வேலைகளோடு கிடக்கிறவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிணைச்சலில் திறக்கும் கதவு என்றால், கை படுகிற நெடுக்கு ஓரத்துக்கு மட்டும் அனோடைஸ் செய்த, அதாவது மேல்தோலைக் கடினமாக்கிய அலுமினியம். மற்ற மூன்று ஓரங்களுக்கும் 2 மில்லிமீற்றர் பிவிசி. நாலு பக்கமும் உலோகம் சுற்றுவதை இந்த ஊரில் நான் சிபாரிசு செய்வதில்லை. ஸ்லைடிங் கதவின் கதை வேறு, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஏன் இந்த முடிவு என்பதற்குப் பலகையில் இருந்துதான் தொடங்க வேண்டும், உலோகத்தில் இருந்து அல்ல.

மெலமைன் பலகை என்று நாம் வாங்குவதன் உள்ளே இருப்பது பெரும்பாலும் சிப்போட், அதாவது பசை போட்டு அழுத்திய மரத்தூள். மேல் முகமும் கீழ் முகமும் மெலமைன் தாளால் மூடப்பட்டிருப்பதால் அந்த வழியாகத் தண்ணீர் அவ்வளவாக இறங்காது. வெட்டிய ஓரம்தான் வாசல். மாரி தொடங்கி கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று கடலில் இருந்து நேராக வீட்டுக்குள் வரும்போது துவைத்த உடுப்பே காய்வதில்லை. அந்த நாட்களில் மூடாத ஓரம் ஈரத்தை இழுத்து ஊதிவிடும். சிப்போட் ஒருமுறை ஊதினால் வெயில் வந்த பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாது. இதில் பெரிய அடி வாங்குவது கதவின் கீழ் ஓரம். தரை துடைக்கும் ஈரம், தெறிக்கும் தண்ணீர் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும்.

இரும்போ அலுமினியமோ போட்டுவிட்டால் ஓரம் பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. யு சனல், அதாவது ஓரத்தைக் கவ்வும் யு வடிவ உலோகப் பட்டி ஒன்றைக் கதவு ஓரத்தில் மாட்டினால் பலகைக்கும் உலோகத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கத்தான் செய்யும். தண்ணீர் அந்த இடுக்கில் தானாக ஏறும். ஏறின பிறகு காற்றுப்படாமல் உள்ளேயே நிற்கும். பிவிசி ஒட்டிய ஓரம் ஊதத் தொடங்கினால் வெளியே தெரியும், உடனே ஏதாவது செய்யலாம். உலோகத்துக்குள் ஊதினால் சனலே பிதுங்கும் வரை தெரியாது. அதனால் எந்த உலோகம் போட்டாலும் அதற்கு அடியில் ஓரத்தை மூடியே ஆக வேண்டும். மெல்லிய 0.4 மில்லிமீற்றர் பிவிசி நாடா போதும், அல்லது நல்ல வார்னிஷ் இரண்டு பூச்சு. பிவிசி ஓரத்தில் மட்டும் ஒட்டுவதால் பலகையின் தடிப்பு கூடாது, சனல் வழமைபோல உள்ளே போகும். "ரெண்டு வேலையா?" என்று ஓடாவி முகம் சுளிப்பார். பரவாயில்லை, சுளிக்கட்டும்.

இந்தப் பின்னணியில் பார்த்தால் உலோக ஓரம் எதற்கு? மூன்று காரணங்கள் நியாயமானவை. கை, மோதிரம், சாவிக்கொத்து பட்டு ஓரம் உடைவதைத் தடுக்கும். உயரமான கதவு வளைவதை ஓரளவு பிடித்து வைக்கும். தனியாகக் கைப்பிடி பூட்டாமல் ஓரத்தையே கைப்பிடியாக ஆக்கலாம். நாலாவது அழகு, அது அவரவர் விருப்பம். ஈரத்தைத் தடுப்பது இந்தப் பட்டியலில் இல்லை.

உப்புக்காற்றும் உலோகமும்

நம் ஊரின் அமைப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நகரம் கடலுக்குள் நீண்ட ஒரு ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் திறந்த கடலைப் பார்த்த குடாக்கள், மற்றப் பக்கம் அமைதியான உள்துறைமுகம். காற்றில் உப்பு ஏறுவது அலை உடைகிற இடத்தில்தான். ஆகவே திருக்கடலூர், டச்சுக்குடாக் கரை, உப்புவெளி, நிலாவெளி போன்ற இடங்களில் ஜன்னலைத் திறந்து வைக்கிற வீட்டுக்கும், உவர்மலையின் துறைமுகப் பக்கத்து வீட்டுக்கும் ஒரே கணக்குப் போட முடியாது. கரையில் இருந்து சில நூறு மீற்றர் உள்ளே போனாலே உப்பு நன்றாகக் குறைந்துவிடும். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் என்றால் கீழே நான் எழுதும் பயங்களில் பாதியை நீங்கள் மறந்துவிடலாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வீட்டுக்கு வெளியே இருக்கிற உலோகத்தை மழை கழுவிவிடும். வீட்டுக்குள் படியும் உப்பை யாரும் கழுவுவதில்லை. அலுமாரிக் கதவு ஓரத்தில் அது தூசியோடு சேர்ந்து அப்படியே இருக்கும். மாரி ஈரம் வந்ததும் கரைந்து வேலையைத் தொடங்கும். "வீட்டுக்குள்ள தானே, ஒண்டும் ஆகாது" என்ற சமாதானம் கரையோர வீட்டுக்குப் பொருந்தாது.

அலுமினியத்தில் இருந்து வருவோம். அது கறள் பிடிக்காது என்று சொல்வது பாதி உண்மை. இரும்பைப் போலச் சிவந்து உதிராது, ஆனால் உப்புப் பட்டால் சின்னச் சின்னக் குழி விழுந்து வெள்ளைப் பொடி வரும். இதற்கு எதிரான காப்பு மேற்பூச்சுத்தான். பூச்சு இல்லாத வெறும் அலுமினியம், அதாவது ஆலையில் இருந்து வந்தபடியே இருப்பது, மலிவாகக் கிடைக்கும். கடற்கரைக்கு அது வேண்டாம். அனோடைஸ் செய்தது என்றால் அலுமினியத்தின் மேல்தோலையே மின்சார முறையில் கடினமான ஒட்சைட்டாக மாற்றியிருக்கிறார்கள். அது உரிந்து வராது. உள்வேலைக்கு 10 மைக்ரோன் தடிப்பு பொதுவானது (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கடலைப் பார்த்த அறைக்கு 15 அல்லது அதற்கு மேல் கேட்டு வாங்குங்கள். பவுடர் கோட்டிங், அதாவது நிறப்பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கி எடுக்கும் பூச்சு, இன்னொரு வழி. 60, 80 மைக்ரோன் அளவில் தடிப்பான பூச்சு, நிறமும் நிறையக் கிடைக்கும். அதன் பலவீனம் வெட்டிய முனை. வாளால் வெட்டிய இடத்தில் வெறும் உலோகம் வெளியே தெரியும், அங்கிருந்து பூச்சுக்கு அடியால் உப்பு நுழைந்து கொப்புளம் கிளப்பும். அனோடைஸிலும் வெட்டிய முனை வெறுமைதான், ஆனால் அங்கிருந்து தோல் உரிந்துகொண்டு போகாது. அதனால் எனக்கு அனோடைஸ்தான் பிடிக்கும். பவுடர் கோட்டிங் எடுக்கிறீர்கள் என்றால் வெட்டிய முனைகளுக்கு ஒரு சொட்டு வார்னிஷாவது தொட்டு வைக்கச் சொல்லுங்கள்.

கடையில் அனோடைஸ் என்று சொல்லித் தருவது உண்மையில் அதுதானா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. மின்வேலை செய்பவரிடம் இருக்கும் மல்டிமீற்றரை வாங்கி, அதன் இரண்டு முனைகளையும் பட்டியின் மேற்பரப்பில் மெதுவாகத் தொடுங்கள். அனோடைஸ் தோல் மின்சாரத்தைக் கடத்தாது. மீற்றர் கத்தினால் அது வெறும் அலுமினியம். அழுத்திக் கீறிவிடாதீர்கள், கீறினால் எதுவும் கத்தும்.

சில்வர் என்று நாம் சொல்லும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பெயரில் கறை இல்லை என்று இருந்தாலும் அது ஒரே பொருள் அல்ல. 304 ரகத்தில் ஏறத்தாழ 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் இருக்கும். 316 ரகத்தில் அதோடு 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் சேரும், கடற்கரைக்கு ஏற்றது அதுதான். மலிவாக வரும் பட்டிகள் பெரும்பாலும் 201 ரகம். விலையான நிக்கலைக் குறைத்து மங்கனீஸ் போட்டது. உப்புக்காற்றில் அதில் தேநீர்க் கறை மாதிரி மண்ணிறப் புள்ளிகள் சீக்கிரம் வரும். 304லும் கரையோரத்தில் வரும், கொஞ்சம் பிந்தி வரும், துடைத்தால் போகும். "காந்தம் ஒட்டாட்டி நல்ல சில்வர்" என்ற பழைய சோதனை இங்கே உதவாது. 201க்கும் காந்தம் ஒட்டாது, 304க்கும் ஒட்டாது. ரகம் எழுதிய பில் இல்லாமல் சில்வர் என்ற பேச்சை மட்டும் நம்பிக் காசு கொடுக்க வேண்டாம்.

இப்போது எல்லாரும் கேட்கிற தங்க நிறப் பட்டி இந்த இடத்தில் வருகிறது. அது மூன்று விதமாக இருக்கலாம்: சாயமேற்றிய அனோடைஸ் அலுமினியம், மேலே பிவிடி முறையில் (வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படிய வைப்பது) மிக மெல்லிய பூச்சுப் போட்ட ஸ்டெயின்லெஸ், அல்லது நிறம் மட்டும் தங்கமான பிளாஸ்டிக். பிவிடி பூச்சு நல்ல கடினம், நகத்தால் கீற முடியாது. ஆனால் அதன் அடியில் 201 இருந்தால் பூச்சின் ஊசித் துவாரங்கள் வழியாகக் கறை மேலே வரும். தங்க நிறத்தில் அந்தக் கறை இன்னும் அசிங்கமாகத் தெரியும். சாயமேற்றிய அலுமினியம் கறை விடயத்தில் பாதுகாப்பு. காலை வெயில் நேரே விழுகிற கிழக்கு ஜன்னல் பக்கம் மட்டும் நிறம் மங்க வாய்ப்புண்டு. தங்க நிறம்தான் வேண்டும் என்று நிற்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

உண்மையான பித்தளை அழகு, மறுக்கவில்லை. பழைய வீடுகளில் பாலை, முதிரை மரக் கதவில் பித்தளைக் குமிழும் தகடும் பார்க்கும்போது ஒரு கம்பீரம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கை படுகிற ஓரத்தில் பித்தளை சில வாரங்களில் கறுக்கும், உப்புப் பட்டால் பச்சை பிடிக்கும். குத்துவிளக்கைப் போலப் புளி போட்டுத் துலக்கலாம் என்றால், புளித்தண்ணீர் சிப்போட் ஓரத்துக்குள் இறங்கும். லாக்கர் அடித்தால் கை படும் இடத்தில் அது தேய்ந்து திட்டுத் திட்டாகும். விலையும் எல்லாவற்றையும் விட அதிகம். மரக்கதவுக்குப் போடுங்கள், மெலமைனுக்கு வேண்டாம்.

நிக்கல் பூச்சுப் போட்ட இரும்புப் பட்டியைப் பற்றி ஒரு வரி போதும்: இந்த ஊரில் அது கறளாகப் போகும்.

எல்லா உலோகத்துக்கும் பொதுவான ஒரு ஆபத்து கடலில் இருந்து வருவதில்லை, டைல்ஸ்காரரிடம் இருந்து வருகிறது. தரை வேலை முடிந்ததும் சீமெந்துக் கறை போக அசிட் போட்டுக் கழுவுவார்களே, அந்தப் புகையே போதும் சில்வரைக் கறைப்படுத்த. ஒரே இரவில் கறை கிளம்பும். அலுமினியத்துக்கு அசிட்டும் ஆகாது, ஈரச் சீமெந்தும் ஆகாது. சுவருக்குப் பூசும்போது தெறித்த சாந்து காய்ந்தால் கீழே வெள்ளைத் தழும்பு நிரந்தரமாக நிற்கும். எனவே ஓரப் பட்டி பூட்டுவது வீட்டின் கடைசி வேலையாக இருக்கட்டும். அதற்கு முன்பே பூட்ட வேண்டி வந்தால் மேலே ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாளை உரிக்க விடாதீர்கள். பிறகு வீட்டில் குளோரின் கலந்த துப்புரவுத் திரவத்தால் சில்வரைத் துடைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும்.

வடிவம்தான் பாதி முடிவு

உலோகத்தை எடுத்தாயிற்று, சரி. எந்த வடிவம்?

எல் கோணத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். முன் மூலையை மட்டும் மூடும், இரண்டு பக்க ஒட்டு நாடாவில் நிற்கும், வெயில் காலத்தில் முனை கிளம்பும், கிளம்பிய முனை உடுப்பில் மாட்டும். டைல்ஸ் கடையில் மலிவாகக் கிடைக்கும் துளை போட்ட கால் உள்ள பீடிங்கைக் கொண்டு வந்து "இதையே போடலாம்" என்கிறவர்களும் உண்டு. அந்தத் துளைக் கால் டைல்ஸுக்கு அடியில் சாந்துக்குள் ஒளிவதற்கானது. கதவில் அதை ஒளிக்க இடம் இல்லை.

டி வடிவம் பார்க்க மிக நேர்த்தி. ஓரத்தின் நடுவில் ஒரு காடி வெட்டி, டியின் காலை அதற்குள் தட்டி இறக்குவார்கள். வெளியே ஒரு மெல்லிய உலோகக் கோடு மட்டும் தெரியும். முகத்தில் உதடு எதுவும் வராது, பிணைச்சலோடும் சண்டை இல்லை. பிரச்சினை சிப்போட்டில். அதன் நடுப்பகுதிதான் மிகவும் சொரசொரப்பாகவும் தளர்வாகவும் இருக்கும், காடி விழுவதும் அங்கேதான். காலில் உள்ள பற்கள் பிடிப்பதற்கு உறுதியான எதுவும் இல்லை. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திய பலகை) அல்லது பிளைவுட் கதவு என்றால் டி வடிவத்தைத் தாராளமாக எடுக்கலாம், காடி வெட்டும் ரூட்டர் இயந்திரத்தை நன்றாகப் பிடிக்கிற ஓடாவி கிடைத்தால். காடி அரை மில்லிமீற்றர் அகலமாகிவிட்டால் பிறகு பசைதான் கதி. வெட்டிய காடிக்குள்ளும் வார்னிஷ் போக வேண்டும், எம்டிஎஃப் தண்ணீரைக் கண்டால் சிப்போட்டுக்குச் சளைத்ததல்ல.

யு சனல் எல்லாருக்கும் தெரிந்தது. ஓரத்தை மூன்று பக்கமும் கவ்வும். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது உள் அகலம். நம் கடைகளில் பலகை 16 அல்லது 18 மில்லிமீற்றர் என்று வரும். 18 பிளைவுட்டின் இரண்டு பக்கமும் ஃபோமிகா ஒட்டினால் அது 20ஐத் தொடும். 18 சனல் அதில் ஏறாது. சுத்தியலால் தட்டி ஏற்றினால் உதடு விரிந்து அலை அலையாக நிற்கும். பலகைத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதுதான் நல்லது.

அடுத்தது பிணைச்சல். இதை யோசிக்காமல் நாலு பக்கமும் சனல் வெட்டிக் கொண்டு வந்து வைத்துக்கொண்டு முழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மறைவான பிணைச்சலின் கிண்ணம் 35 மில்லிமீற்றர் விட்டம். அது கதவு ஓரத்தில் இருந்து 3 முதல் 6 மில்லிமீற்றர் தள்ளித் துளைக்கப்படும். யு சனலின் உதடு சாதாரணமாக 8, 10 மில்லிமீற்றர் உள்ளே வரும். இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். ஒவ்வொரு பிணைச்சலிலும் உதட்டை வெட்டி எடுக்க வேண்டும். 7 அடிக் கதவுக்கு நாலு பிணைச்சல் என்றால் நாலு வெட்டு, ஒவ்வொரு வெட்டிலும் பூச்சு போன வெறும் முனை. பிணைச்சல் பக்கத்து ஓரத்தை யாரும் தொடுவதும் இல்லை, பார்ப்பதும் இல்லை. அங்கே உலோகம் போடுவதற்கு ஒரு காரணத்தையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மேல் ஓரத்தைப் பார்ப்பவர் பல்லி மட்டும்தான். கீழ் ஓரத்துக்கு உலோகம் போட்டால் நான் முதலில் சொன்ன தண்ணீர்த் தொட்டி அங்கே உருவாகும், ஏனென்றால் சனல் மேல்நோக்கித் திறந்த தொட்டி மாதிரித்தான் அங்கே நிற்கும்; கதவு வழியே வடியும் ஈரமெல்லாம் அதற்குள். 2 மில்லிமீற்றர் பிவிசியை இயந்திரத்தில் சூடான பசையோடு ஒட்டி, மூலையை உருட்டி எடுத்தால் கீழ் ஓரத்துக்கு அதை விட நல்லது இல்லை. இயந்திரத்தில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கையால் கொன்டாக்ட் பசை பூசி ஒட்டுவது தகரக் கூரைக்குக் கீழ் இருக்கும் அறையில் சித்திரை வெயிலுக்குக் கிளம்பும்.

ஆக மிஞ்சுவது கை படும் ஒரு நெடுக்கு ஓரம். அங்கே வெறும் யு சனலை விடக் கைப்பிடியோடு சேர்ந்த புரொஃபைல் எனக்குப் பிடிக்கும். பலகையைக் கவ்வும் பகுதியோடு விரல் மாட்டி இழுக்க ஒரு மடிப்பும் ஒரே துண்டாகச் சேர்ந்தே வரும். தனிக் கைப்பிடி வாங்கும் செலவும் துளை போடும் வேலையும் மிச்சம். விலை யு சனலை விடக் கூடுதல்தான், ஆனால் ஒரு கதவுக்கு ஒரு நீளம்தானே வேண்டும், நாலு பக்கம் சுற்றும் செலவோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் குறைவாகவே முடியும். மூலைகளில் 45 பாகை வெட்டிப் பொருத்தும் வேலையும் இல்லை. அந்த மூலை வெட்டுத்தான் உலோக ஓர வேலையில் கஷ்டமானது. வாளின் பல் நுணுக்கமாக இல்லாவிட்டால் மூலையில் இடைவெளி விழும், சிலிக்கன் போட்டு நிரப்பினால் கொஞ்ச நாளில் கறுத்துப்போகும்.

மடிப்பு உள்ள புரொஃபைல் வேண்டாம், பிள்ளைகள் ஓடித் திரியும் அறை, தலை படும் என்கிறவர்கள் வெறும் யு சனல் போட்டு, உள்ளே அழுத்தித் திறக்கும் பூட்டு வைக்கலாம். ஆனால் அந்தப் பூட்டுக்கு வாழ்நாள் குறைவு, கதவுக்கும் அலுமாரிக் கூட்டுக்கும் இடையில் இடைவெளியும் கொஞ்சம் விட வேண்டும்.

அளவு, பாரம், வளைவு

உலோகம் கதவின் அகலத்தைக் கூட்டும் என்பதைப் பலகை வெட்டும் முன்பே கணக்கில் எடுக்க வேண்டும். 1.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள சனல் இரண்டு கதவு சந்திக்கும் நடு ஓரத்தில் வந்தால் இரண்டும் சேர்ந்து 2.4. கதவுகளுக்கு நடுவில் நாம் விடும் இடைவெளியே 2, 3 மில்லிமீற்றர்தான். பலகையை அந்த அளவுக்குக் குறைத்து வெட்டாவிட்டால் கதவுகள் ஒன்றையொன்று உரசும். உலோகம் உலோகத்தோடு உரசும் சத்தம் நள்ளிரவில் கேட்க வேண்டியதில்லை. மாரியில் பலகை இன்னும் கொஞ்சம் பெருக்கும் என்பதால் நம் ஊரில் 3 மில்லிமீற்றருக்குக் குறைய விடாதீர்கள், கோடையில் இடைவெளி கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. பின்பக்கத்து உதடும் ஒரு மில்லிமீற்றர் தடிப்பு. அது கூட்டில் முட்டும். பிணைச்சலில் உள்ள திருகைச் சரிசெய்து கதவை அந்த அளவுக்கு முன்னே கொண்டு வரலாம், ஒரு சின்ன ரப்பர் பொட்டும் ஒட்டினால் சத்தம் இருக்காது.

பாரம் கூடிவிடுமோ என்ற பயம் தேவையில்லை. 7 அடி உயரமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள 18 மில்லிமீற்றர் சிப்போட் கதவு ஏறத்தாழ 12 கிலோ. அதன் ஒரு நெடுக்கு ஓரத்துக்கான அலுமினிய யு சனல் கால் கிலோ அளவுதான் வரும். மெல்லிய சில்வர்ச் சனல் அதைப்போல இரண்டு மடங்கு. பிணைச்சலுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

வளைவுக்கு உலோகம் உதவுமா என்றால், கொஞ்சம் உதவும். ஆனால் கதவு வளைவதற்கான பெரிய காரணம் ஒரு பக்கம் மட்டும் ஈரமாவதுதான். கதவின் வெளி முகத்துக்கு ஃபோமிகா ஒட்டி உள் முகத்தை வெறுமையாக விட்டால் எந்தச் சனலும் அதைத் தடுத்து நிறுத்தாது. இரண்டு முகமும் ஒரே மாதிரி மூடியிருக்க வேண்டும். வெளிச்சுவரோடு ஒட்டி நிற்கும் அலுமாரி என்றால் பின்னால் விரலளவு இடைவெளி விடுவதும் உதவும்.

எதால் ஒட்டுவது?

இங்கே ஒரு சின்ன விடயம் பெரிய வித்தியாசம் செய்யும். சிலிக்கனில் இரண்டு வகை. வினாகிரி மணம் அடிப்பது ஒரு வகை. காயும்போது அசிட் வெளிவிடும். பித்தளைக்கும் நாகப் பூச்சுக்கும் அது நேரடி எதிரி, மற்ற உலோகத்துக்கும் தவிர்ப்பது நல்லது. நியூட்ரல் என்று எழுதியிருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். அலுமினியம் சூட்டுக்கு நீளும். 7 அடி நீளப் பட்டி 10 பாகை வித்தியாசத்துக்கு அரை மில்லிமீற்றர் அளவு கூடிக் குறையும். சிலிக்கன் அந்த அசைவுக்கு இடம் கொடுக்கும். சுப்பர் குளூ கொடுக்காது, அது கண்ணாடி மாதிரி உடைந்துவிடும், கறுப்புப் பட்டியில் வெள்ளைப் புகை மாதிரித் தழும்பும் விடும். மூடிய சனலுக்குள் சிலிக்கன் காய நாளெடுக்கும், காற்றில் உள்ள ஈரத்தால்தான் அது இறுகும். அதனால் ஒட்டிய பட்டியை நாடா சுற்றி இரண்டு நாளாவது படுக்க வைக்கச் சொல்லுங்கள். இழுவை படும் கைப்பிடிப் புரொஃபைலுக்குச் சிலிக்கன் மட்டும் போதாது. உள்பக்கத்துக் காலில் மூன்று, நாலு சிறிய ஸ்டெயின்லெஸ் திருகாணி வேண்டும், முதலில் மெல்லிய துளை போட்டு. பித்தளைத் திருகாணியை அலுமினியத்தில் போட்டால் ஈரமும் உப்பும் சேர்ந்து அலுமினியத்தைத் தின்னும். சாதாரண இரும்புத் திருகாணி போட்டால் தலையில் இருந்து கறள் வடியும்.

பழைய அலுமாரிக்கு

"கதவு ஓரம் ஊதிப்போச்சு தம்பி, மேல அலுமினியம் அடிச்சு மூடலாமா?" இந்தக் கேள்வி மாரி முடிந்ததும் அதிகம் வரும். ஊதிய ஓரம் 18 சனலுக்குள் போகாது, செதுக்கி ஏற்றினால் உள்ளே உதிரும். ஊதிய பகுதியை நேராக வெட்டி எடுத்துவிட்டு, புது ஓரத்தை மூடி, முகம் அகலமான கைப்பிடிப் புரொஃபைல் ஒன்றைப் போட்டு இழந்த அகலத்தை மீட்கலாம். ஊதல் இரண்டு விரலுக்கு மேல் உள்ளே போயிருந்தால் புதுக் கதவு செய்வதே மலிவு, உலோகத்துக்குச் செலவழிக்க வேண்டாம்.

ஸ்லைடிங் கதவில் மட்டும் தெரிவு கிட்டத்தட்ட இல்லை. சில்லில் ஓடும் கதவுக்கு மேலும் கீழும் சட்டம், இரு பக்கமும் கைப்பிடிப் புரொஃபைல் என்று நாலு பக்கமும் அலுமினியம் வரத்தான் செய்யும், பலகை அதற்குள் செருகப்படும். அங்கே உங்கள் கவனம் பூச்சின் தரத்திலும் கீழ்த் தண்டவாளத்திலும் இருக்கட்டும். உப்புவெளி, நிலாவெளி வீடுகளில் காலோடு வரும் மணல் அந்தப் பள்ளத்தில் சேர்ந்து சில்லைத் தின்னும். மேலே தொங்கி ஓடும் வகை கொஞ்சம் விலை கூட என்றாலும் மணல் வீட்டுக்கு அதைத்தான் எடுப்பேன்.

ஓடாவியிடம் சொல்லும்போது இப்படிச் சொன்னால் குழப்பம் வராது: பலகைத் தடிப்பு இவ்வளவு, எல்லா ஓரமும் இயந்திரத்தில் 2 மில்லிமீற்றர் பிவிசி, கை ஓரத்துக்கு மட்டும் 0.4, அதன் மேல் அனோடைஸ் கைப்பிடிப் புரொஃபைல், நியூட்ரல் சிலிக்கனும் ஸ்டெயின்லெஸ் திருகாணியும், நடு இடைவெளி 3, பூட்டுவது டைல்ஸ் அசிட் வேலை முடிந்த பிறகு. வெட்டிய முனைகளை அரத்தால் உருட்டி, பிளாஸ்டிக் மூடி போடச் சொல்லவும் மறக்க வேண்டாம். கீழ் முனை சின்னப் பிள்ளைகளின் கணுக்காலுக்கு நேரே வரும். பூட்டி முடிந்த பின் பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மாரி மாதங்களில் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பட்டியைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒருமுறை.